வெள்ளை கேட்டேன், செவப்பு வந்துச்சு

இல்ல சார், சரக்கு வரலன்னு புகார் இல்ல. வந்துச்சு. வெள்ளை கேட்டேன், செவப்ப அனுப்பிட்டான். அதான் புகார். எழுதுங்க.

சிரிக்காதீங்க. இதுக்கெல்லாம் வேற ஆபீசு இருக்குன்னு சொல்லுவீங்க, தெரியும். அங்க போனா இங்க போம்பான். கடையத் தொறக்காம நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கேன், எழுதாம எந்திரிக்கமாட்டேன். பேரு அப்புறம் சொல்றேன். மார்க்கெட் பாத்திரக்கடைக்காரின்னு போடுங்க, போதும். ஆமா, அவளேதான். என் எடத்துல கடை விரிச்ச பக்கெட்டுக்காரன் மண்டையில குக்கர் மூடிய விட்டெறிஞ்சவ. பன்னெண்டு தையல்னு ஊருல பீத்திக்கிட்டுத் திரியறான், நம்பாதீங்க. நாலுதான்.

பெட்டி சார். சூட்கேஸ். என் பொண்ணுக்கு. நர்ஸ் படிப்பு முடிச்சுப் பட்டம் வாங்கிட்டா. எங்க ரெண்டு பக்கத்துலயும் அவதான் மொத ஆளு. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில வேலையும் கெடச்சிருச்சு, இன்னிக்குத்தான் விமானம். நான் வழியனுப்பப் போகல. போனா அழுதுருவேன். நான் அழுது மார்க்கெட்ல எவனும் பாத்ததில்ல, இப்பப் போயி அத்தன சனத்துக்கு முன்னாடி ஆரம்பிக்கணுமா?

என்ன வெலைக்கு வாங்கினேன்னா கேக்குறீங்க? இங்க பெரிய கடையில ரெண்டு சக்கரம் குடுப்பான், போன்லயே வெளிநாட்டுக்காரன்கிட்ட அந்தக் காசுக்கு முழுப்பெட்டி. ஒங்களுக்கு எதுக்கு சார்? தங்கச்சிக்கா? அடுத்த மாசம் பட்டமளிப்பா? அட, மொதல்லயே சொல்லக்கூடாதா. நாற்காலிய இப்படி இழுத்துப் போடுங்க. போன்ல என்ன பாத்து வச்சிருக்கீங்க, காட்டுங்க. வாட்சா.

இத மட்டும் வாங்கினீங்க, ஒங்களக் கன்னத்துலயே ஒண்ணு விடுவேன். மன்னிச்சுக்குங்க, எனக்கு வாய் அப்படி. படத்தப் பாருங்க. வாட்ச் இருக்கு, கை இருக்கா? கை இல்லாத படத்த நம்பாதீங்க. பக்கத்துல மனுசக் கையோ வெரலோ இருந்தாத்தான் சைஸ் பிடிபடும். கடை போட்ட புதுசுல அண்டான்னு நெனச்சு மொத்தமா வரவழைச்சேன். பிரிச்சா, அத்தனையும் பொம்மைக்குச் சோறு பொங்குற சைஸ். கொரியர்காரன் சட்டையப் புடிச்சு உலுக்கின உலுக்குல பட்டனெல்லாம் தெறிச்சு ஓடுச்சு. அவன் என்ன பண்ணுவான், பாவம். எட்டுன கழுத்து அவனோடதுதான்.

அஞ்சு ஸ்டாரெல்லாம் படிக்காதீங்க, அது அவன் மச்சான் போட்டது. ஒரு ஸ்டாருக்குப் போங்க. வயிறு எரிஞ்சு திட்டறான் பாருங்க, அவன்தான் உண்மையச் சொல்லுவான். கலர் மாறிப்போச்சு, லேட்டாச்சுன்னு திட்டினா தாராளமா வாங்கலாம். ஒடைஞ்சு வந்துச்சு, வாரு அறுந்துச்சுன்னா திரும்பிப் பாக்காம ஓடிருங்க. அப்புறம், சாமான் வெலையக் கொறச்சுப் போட்டு அனுப்புற கூலியில புடிச்சுருவான், ரெண்டையும் கூட்டிப் பாத்துக்குங்க. கூடையில போட்டுட்டு வாங்காம அப்படியே கெடப்புல போடுங்க, அவனே எறங்கி வந்து கெஞ்சுவான். பேரு பொறிச்சுத் தரேம்பான், ஆசப்படாதீங்க. பேரு பொறிச்சதத் திருப்பி எடுக்கமாட்டான். அப்புறம் அதே பேருல இன்னொரு தங்கச்சியத் தேடணும்.

ஒரு நிமிசம். போனப் பாத்துக்கறேன்.

ஒண்ணுமில்ல, ஒரு சரக்கு கெளம்பணும். தயார்னுதான் இன்னும் காட்டுது. தயார்ங்கறத நம்பவே கூடாது சார், இதையும் கத்துக்குங்க. தயார்னு போட்டுட்டுக் கடைசி நேரத்துல எறக்கி வச்சுருவானுங்க. புறப்பட்டதுன்னு வரணும். அதுக்கப்புறம் எவன் கையும் எட்டாது.

ஒங்க மேசை போன் அடிக்கட்டும் விடுங்க. நீங்க அத எடுத்தா என் கேஸ் போச்சு, எனக்குத் தெரியாதா. பாருங்க, நின்னுருச்சு.

எங்க விட்டேன்? ஆங், பெட்டி. ஒடையாத பெட்டியா வேணும்னு ஏன் அலைஞ்சேன்னா, எங்க வீட்டுல ஒடையற சாமான் தங்காது. வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சப்ப மேசை விளக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், பீங்கான். அன்னிக்கு ராத்திரியே செவுத்துல அடிச்சாரு, வெளிச்சம் கண்ணக் குத்துதாம். ஒரு சில்லு பொண்ணோட புருவத்தக் கிழிச்சிருச்சு, இன்னும் அந்த எடத்துல முடி மொளைக்கல. காலேஜ் சேந்தப்ப போன். சுத்தியல எடுத்துட்டு வந்து ஒக்காந்து, நிதானமா, பாக்கு தட்டற மாதிரி தட்டினாரு. என் முன்பல்லு ரெண்டும் வச்ச பல்லு, பாத்தீங்களா, அதுவும் அவரு உபயம்தான்.

மார்க்கெட்ல மண்டையப் பொளக்கறவ வீட்டுல ஏன் வாங்கிக்கிட்டு இருந்தேன்னுதான பாக்குறீங்க. எனக்கும் வெளங்கல சார். கடைய இழுத்து மூடும்போது கோவத்தையும் உள்ளயே வச்சுப் பூட்டிட்டு வந்துருவேன் போல.

அதான் விக்கிறவன்கிட்ட கறாரா சொல்லிட்டேன். நீ அது மேல ஏறி நின்னு வீடியோ அனுப்பு. நின்னான். குதிடான்னேன். குதிச்சான். படியில உருட்டி விடுன்னேன், உருட்டிக் காட்டினான். பொய் சொல்லி ஏமாத்தினேன்னு வையி, கடல் தாண்டி வந்து ஒன் கொடல உருவுவேன்னு எழுதினேன். நம்ம பேச்ச அவன் பாஷைக்கு மாத்துற மிஷின் அத என்னன்னு சொல்லுச்சோ, ரெண்டு பூவும் ஒரு சிரிப்பும் போட்டு, அன்புத் தோழி, ஒங்களுக்காக இன்னும் வெல கொறைக்கிறேன்னு அனுப்பறான்!

ஒரே ஒரு தப்புதான் பண்ணினேன். எப்பவும் சரக்குக் கடை விலாசத்துக்குத்தான் வரும். இத மட்டும் வீட்டுக்குப் போட்டேன். கடைக்கு வந்தா மார்க்கெட்டே கூடி அட்டையப் பிரிக்கும், பெட்டி எதுக்கு, பொண்ணு எங்க போறான்னு கேக்கும், பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்காரர் காதுக்குப் போயிரும். அவருக்கு வேல கெடச்சதே தெரியாது சார். இந்த ஊரத் தாண்டினா கால ஒடிப்பேன்னு பத்து வயசுலயிருந்து சொல்லி வளத்தவரு. பகல்ல அவரு வேலைக்குப் போயிருவாரு, பெட்டி வந்தா ஒளிச்சு வச்சுக்கலாம்னு நெனச்சேன். பெரிய புத்திசாலின்னு நெனப்பு. அந்தச் சனியன் புடிச்ச பெட்டி தள்ளித் தள்ளிப் போயி இன்னிக்குக் காலையில வந்து நிக்குது. கதவத் தொறந்து வாங்கினதே அவருதான்.

அட்டையப் பிரிச்சாரு. பெட்டியப் பாத்தாரு. பொண்ணோட மூஞ்சியப் பாத்தாரு. எங்களுது மாடி வீடு, உள்ள செங்குத்தா படி எறங்கும். பெட்டியத் தலைக்கு மேல தூக்கி அந்தப் படியில வீசினாரு. சார், அடிவரைக்கும் போயி கதவுல மோதி நின்னுச்சு, ஒரு கீறல் இல்ல! அந்த நேரத்துலயும் எனக்குப் பெருமையா இருந்துச்சுன்னா பாத்துக்குங்க. அப்புறம் அவரு கதவுக்குப் போடுற இரும்புக் கம்பிய உருவினாரு. எந்தக் கால்லடி நடந்து போவன்னு கேட்டாரு. நான் பொண்ண முடியப் புடிச்சு இழுத்துக் குளியலறைக்குள்ள தள்ளி, உள்ள கொண்டியப் போடுடின்னு கத்தினேன்.

அப்புறமா? அப்புறம் என்ன, கலர்தான். வெள்ளைன்னு தெளிவா எழுதியிருக்கேன், செவப்ப அனுப்பியிருக்கான். நீங்க எழுதவே இல்ல போலிருக்கே சார்?

இருங்க. இருங்க. போன் துடிக்குது.

புறப்பட்டது. எனக்குக் கண்ணு மங்குது, நீங்க படிங்க. புறப்பட்டதுன்னுதான போட்டிருக்கு? விமானத்தையும் கொரியர் மாதிரியே பாத்துக்கலாம் சார், போன்ல அதுக்கும் ஒண்ணு இருக்கு.

ம். இப்ப அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடுங்க. வேற எடுங்க. பேரு சொல்றேன், விலாசம் சொல்றேன். இந்தாங்க தெருக்கதவுச் சாவி. தள்ளும்போது மெதுவாத் தள்ளுங்க, படிக்குக் கீழ ஆளு கெடக்கு. ஓடவேண்டாம். சாமான் எதையும் தட்டிப் பாக்காம நான் விடமாட்டேன். அவரையும் தட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

முன்னாடி போன் அடிச்சது கீழ் வீட்டுக்காரியா இருக்கும். சத்தம் கேட்டிருக்கும்ல. நீங்க எடுத்திருந்தா பொண்ண வழியிலயே மடக்கியிருப்பீங்க. அதுக்குத்தான் முந்திக்கிட்டு வந்து ஒக்காந்தேன்.

எதால அடிச்சேன்னா கேக்குறீங்க? கீழ கெடந்த பெட்டிய எடுத்துக்கிட்டு மேல ஏறினேன். அவரு கம்பியால குளியலறைக் கதவப் பொளந்துக்கிட்டிருந்தாரு, முதுகு என் பக்கம். ஒண்ணு விட்டேன். திரும்பி எம்மேல பாஞ்சாரு. ரெண்டு கையாலயும் கைப்பிடிய இறுக்கி மூஞ்சியிலயே விட்டேன். மறுபடி. மறுபடி. பெட்டி உருண்ட அதே படியிலதான் உருண்டாரு.

பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அத எழுத்து எழுத்தா எழுதுங்க. கதவத் தொறக்கச் சொன்னேன், துணியப் பெட்டியில வச்சோம், பின்பக்கப் படியில எறக்கி டாக்சியில ஏத்தினேன். அப்பா எங்கன்னு அவ கேக்கல. நான் சொல்லல.

பெட்டிய ஒப்படைக்கறதா? எப்படி சார், அது அவ கூட மேல போயிட்டிருக்கு. தொடைச்சுத்தான் குடுத்தேன். வெள்ளையா இருந்தா எத்தன தடவ தொடைச்சிருக்கணும், நெனச்சுப் பாருங்க. செவப்புல ஒண்ணும் தெரியல. வீணா அந்தப் பெட்டி வித்தவனத் திட்டிட்டேன்.

போன வாங்கி வச்சுக்குவீங்கள்ல? ஒரே நிமிசம். அவனுக்கு அஞ்சு ஸ்டார் போட்டுட்டுத் தரேன். ஒடையாதுன்னு சொன்னான். ஒடையல.