முதுகுக்குப் பின்னால் ஒரு குடம்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் ரயிலில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மடியில் சேவலை வைத்திருந்தவளிடம் மற்றவள் பெட்டிக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்குப் பேயும் இல்ல, பிசாசும் இல்ல. காதுதான் செவிடு!"

"அதுக்கா இவ்வளவு சந்தோசம்?"

"பின்ன? பஸ்ரா சண்டையில பீரங்கி பக்கத்துலயே நின்னவரு. திரும்பி வந்ததிலேர்ந்து கூப்பிட்டா பேச்சே இல்ல. தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல கங்காணி பேரைக் கூப்பிட்டாலும் மரம் மாதிரி நிப்பாரு. முனி அடிச்சிருச்சுன்னு பூசாரிய வச்சு வேப்பிலையால அடிச்சோம்."

"யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான்! மூஞ்சியப் பாத்துப் பேசினா பதில் சொல்றாரு. அதான் முதுகுக்குப் பின்னால பித்தளைக் குடத்தைப் போட்டேன். அசையல! பீரங்கிச் சத்தத்துல போன காதுன்னு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரெசரும் சொல்லிட்டாரு. மூணு வருசமா என் மேல கோவம்னுல்ல நெனச்சேன்!"

சேவல்காரி மடியிலிருந்த சேவலைக் குனிந்து பார்த்தாள்.

"என் தம்பியும் அந்தச் சண்டைக்குப் போனவன்தான். கூப்பிட்டா திரும்ப மாட்டான். இந்தச் சேவலே அவனுக்காக முனிக்கு நேந்துக்கிட்டது."

சுங்கை சிப்புட் வந்தது. சேவலை இடுக்கிக்கொண்டு அவசரமாக எழுந்தவள் திரும்பிக் கேட்டாள்:

"பித்தளைக் குடம்தான் வேணுமா? எங்க வீட்டுல தகர டின்தான் இருக்கு."