தொட்டியில் பூத்த ஆவாரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, கேட்டதில் பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் மண்தொட்டி, அதில் மஞ்சளாகப் பூத்த ஆவாரஞ்செடி.

“கொதிக்கிற தண்ணிய ஊத்துன பெறகுதான் உயிரே வந்துச்சு” என்று மனைவி சொல்ல, என் காது அங்கே போய்விட்டது.

“செடிக்கா ஊத்துனீக?” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“வெதைக்குத்தான். தோலு கல்லு மாதிரி இருக்கும், சும்மா போட்டா மொளைக்காது. ரசம் வைக்கப் போறியான்னு இவுக கேலி பண்ணுனாக.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரோட்டோரம் கெடக்கிறத யாரு வாங்குவா?” என்றாள் நின்றவள்.

“செக்காலை செடிக்கடைக்காரரும் அதத்தான் கேட்டாரு. தொட்டியில பூத்தாக் கொண்டாங்க, கடையில வைக்கிறேன்னாரு. காட்டுல இருந்து பிடுங்கியாந்து நட்டதெல்லாம் பட்டுப்போச்சு. வெதை போட்டு வளத்தது இப்பப் பூத்திருக்கு.”

செக்காலையில் இறங்கும்போது படியோரம் நின்ற ஒருவர், “அண்ணே, இது எங்க வாங்குனீக? எனக்கும் ஒண்ணு வேணும்” என்றார்.

“வாங்கல. நாங்க வளத்தது” என்றார் கணவர், தொட்டியை அணைத்துக்கொண்டு.

“நாங்களா?” என்றார் மனைவி. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “கடைக்குத்தான் போகுது. அங்குட்டு வாங்க” என்று கேட்டவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

விதையை எவ்வளவு நேரம் ஊறவிட்டார் என்பது ஹாரன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என்னை நம்பி யாரும் விதையை வேகவைத்துவிடக் கூடாது. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.