உன் கோடு

இல்ல தம்பி, கோடு சரியாப் போகலைன்னு சண்டை போட வரல. போன கோட்டைத் திரும்பக் கேக்க வந்திருக்கேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். போன வாரம் இதே மேசைக்கு முன்னாடி நின்னு, இந்த வாட்ச்சைப் புத்தம் புதுசா ஆக்கிக் குடுங்கன்னு உங்க உசுரை வாங்கினேனே, அதே ஆளுதான். நீங்களும் ஒரு குத்தம் சொல்ல முடியாதபடி பாலிஷ் போட்டுக் குடுத்தீங்க. அதுல மொகம் பாத்துத் தலை சீவலாம். இப்போ அதுமேல ஒரு கோடு போட்டுத் தரணும். ஒண்ணே ஒண்ணு.

எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன். தண்ணியெல்லாம் வேண்டாம். அந்த ஸ்டூலை மட்டும் இப்படித் தள்ளுங்க, முட்டி நிக்க விடமாட்டேங்குது. ஆங், போதும். நடுவுல யாராவது வந்தா நீங்க அவங்களைப் பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பேன். யாரும் கேக்காட்டியும் பேசுறது எனக்கு இப்போ பழகிப்போச்சு.

இது எங்க வீட்டுக்காரரோட வாட்ச். அவரு லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவரு. ஏன் அப்படிப் பாக்குறீங்க, லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு கையில இவ்வளவு ஒசத்தி வாட்ச் எப்படி வந்துச்சுன்னா? எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. ஒரு பெரிய ஹோட்டல்ல லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. உள்ள மாட்டிக்கிட்டது அந்த முதலாளியோட அம்மா. மூச்சு முட்டுற நோயாளி வேற. இவரு லிஃப்ட் கூரை மேல எறங்கி, சின்னக் கதவைத் திறந்து, அந்தம்மாகிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே லிஃப்டைக் கீழ எறக்கிட்டாரு. என்ன பேசினீங்கன்னு கேட்டேன். உன்னைப் பத்தித்தான் பேசினேன், சிரிச்சுச் சிரிச்சு அந்தம்மாவுக்குப் பயம் போயிடுச்சுன்னாரு. முதலாளி வீட்டுக்கே வந்து பொட்டியோட இந்த வாட்ச்சைக் குடுத்தாரு. இவரு வேண்டாம் வேண்டாம்னு நிக்கிறாரு. நான்தான் பின்னாடி நின்னு முதுகுல கிள்ளினேன், பேசாம வாங்கிக்கங்கன்னு.

வாங்கின மனுஷன் என்ன பண்ணணும்? பீரோல வச்சுப் பூட்டணும். நல்லது கெட்டதுக்குக் கட்டணும். இவரு மறுநாளே வேலைக்குக் கட்டிட்டுப் போயிட்டாரு. கேட்டா, பூட்டி வச்சா அது யாருக்கு மணி காட்டும், உன் சேலைக்கான்னு கேப்பாரு. முதல் வாரத்துலயே கொக்கியில கீறல். எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. மேல கைக்குட்டை சுத்தி அனுப்பினேன், பாதி வழியில அவுத்துக் கையத் தொடைச்சுக்கிட்டாரு. டேப் ஒட்டி அனுப்பினேன், மணி தெரியலைன்னு பிச்சுப் போட்டாரு. ஞாயித்துக்கெழமையானா நான் பல்லு விளக்குற பேஸ்ட்டு, பழைய பனியன் துணி, இதெல்லாம் எடுத்துக்கிட்டு உக்காந்துடுவேன். ஆமா, பேஸ்ட்டு போட்டுத் தேய்க்கக் கூடாதுன்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க. அப்போ சொல்ல யாரு இருந்தா? தேய்ச்சேன். ஒவ்வொரு கீறலையும் தேய்ச்சேன். அவரு எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு, வாட்ச்சைத் தேய்க்கிற மாதிரி ஒருநாள் என் முதுகையும் தேய்ச்சு விடேன்பாரு.

இப்போ நான் கேக்குற கோடு அந்தச் சில்லறைக் கீறல் இல்ல. இது பெருசு. கூரை மேல நின்னு வேலை பாக்குறப்போ, சுவத்து இரும்புச் சட்டத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவுல கை மாட்டிக்கிச்சாம். வெடுக்குன்னு இழுத்திருக்காரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் முன்னாடி கையை நீட்டினாரு. பாக்குறேன், வாட்ச்சோட பக்கவாட்டுல ஒரு கோடு. உழுது விட்ட மாதிரி. நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டிட்டாங்க. கத்தி ஓஞ்சப்பறம்தான் கவனிக்கிறேன், வாட்ச்சுக்குக் கீழ மணிக்கட்டுல தோல் உரிஞ்சு ரத்தம் கட்டி நிக்குது. அதைக் காட்டத்தான் மனுஷன் கையை நீட்டியிருக்காரு. நான் வாட்ச்சைப் பாத்துக் கத்திக்கிட்டிருக்கேன்.

வேற ஆளா இருந்தா அன்னைக்குப் பெரிய சண்டை ஆகியிருக்கும். இவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நல்லவேளை வாட்ச்சு இருந்துச்சு, இல்லேன்னா நீ என் கையைத் திட்டியிருப்பேன்னாரு. அன்னையிலேருந்து அந்தக் கோட்டுக்கு உன் கோடுன்னு பேரு. வர லேட்டானா போன் பண்ணி, உன் கோடு பத்திரமா இருக்கு, கத்தாதேம்பாரு. பசிச்சா, உன் கோடு சாப்பாடு கேக்குதும்பாரு. சும்மா உக்காந்திருக்கும்போதெல்லாம் கட்டை விரல் நகம் அந்தப் பள்ளத்துல போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், இன்னும் ஆழமாகுதேன்னு.

சரி, விஷயத்துக்கு வரேன். அவருக்கு இப்போ மறதி நோய் தம்பி. சாவியை எங்க வச்சோம்னு தேடுறோமே, அந்த மறதி இல்ல. சாவின்னா என்னன்னே மறந்து போற மறதி. கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. சட்டைப் பட்டன் போட மறந்தாரு, பையன் பேரை மறந்தாரு. ஆனா காலையில குளிப்பாட்டி உக்கார வச்சு, இந்த வாட்ச்சை நான் கட்டிவிட்டேன்னா, விரல் தானா அந்தக் கோட்டுக்குப் போகும். ரெண்டு தடவை தடவிட்டு நிமிந்து என்னைப் பாத்து, வந்துட்டியாம்பாரு. அப்புறம் அன்னைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசாட்டியும் எனக்குப் போதும்.

அதை வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கணும். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆயிடுச்சு. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாரு, இவருக்குப் புதுசு நிக்காது, பழசுதான் நிக்கும்னு. நான் உக்காந்து யோசிச்சேன். பழசு நிக்கும்னா, வாட்ச்சு வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் குடுத்தா அந்த நாளெல்லாம் ஞாபகம் வரும்ல? எனக்கும் உள்ளுக்குள்ள ஆசை, பொய் சொல்லக் கூடாது. அந்தக் கோடு போகணும்னு அவ்வளவு வருஷம் மல்லுக்கட்டினவ நான். அதான் அன்னைக்கு உங்ககிட்ட ஒரு கோடு கூட விடாதீங்க, ஒரு கோடு கூட விடாதீங்கன்னு சொல்லிக்கிட்டே நின்னேன். நீங்க கூட, இது ஆழமா இருக்கு, இதை எடுத்தா உலோகம் கொஞ்சம் தேயும், பரவாயில்லையாம்மான்னு ஒருவாட்டி கேட்டீங்க. தேயட்டும்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

கொண்டு போய்க் கட்டிவிட்டேன். விரல் போச்சு. தேடுச்சு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திருப்பிக் கீழ. அப்புறம் கொக்கியைக் கழட்டி மேசை மேல வச்சாரு, பதமா, கண்ணாடிச் சாமான் வைக்கிற மாதிரி. இது யாரோடதோங்க, பாவம், தேடுவாங்கன்னாரு.

இதுல இன்னொண்ணு இருக்கு, அது உங்களுக்குத் தெரியாது. லிஃப்ட் கதவுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கும் பாருங்க, அதுல ஜனங்க கை தவறி எதையாவது போட்டுடுவாங்க. சாவி, கம்மல், மோதிரம். எல்லாம் அடியில இருக்கிற குழிக்குள்ள போயிடும். மெக்கானிக் குழிக்குள்ள எறங்கும்போதுதான் கெடைக்கும். இவரு கையில எது கெடைச்சாலும், மாடி மாடியா ஏறி, கதவு கதவாத் தட்டி, இது உங்களோடதாங்கன்னு கேட்டுக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. ஒரு ஒத்தக் கம்மலுக்காக ஒரு கட்டடம் பூரா ஏறி எறங்கியிருக்காரு. அந்தப் புத்தி மட்டும் மறக்கல. பளபளன்னு ஒரு வாட்ச்சு, தன்னோடது இல்ல. அப்போ எவரோ குழியில தவற விட்டது. உடையவங்ககிட்ட சேக்கணும்.

அவ்வளவுதான், தட்ட ஆரம்பிச்சுட்டாரு. எங்க கட்டடத்துல ஒரு வீடு பாக்கி இல்ல. முதல் நாள் எல்லாரும் பாவம்னாங்க. அடுத்த நாள் கதவைத் திறக்கல. முந்தாநாள் நான் குளிச்சுட்டு வரதுக்குள்ள தெருவுக்கே போயிட்டாரு. ரோட்டு நடுவுல நின்னு, போற வண்டியை நிறுத்தி, கண்ணாடியத் தட்டி, இது உங்க வாட்ச்சாங்கன்னு கேக்குறாரு. ஒரு லாரி பிரேக் போட்டு நின்ன சத்தம் கேட்டுத்தான் நான் ஓடினேன். ஈரத் தலையோட. பையன் அன்னைக்கே சொல்லிட்டான், இன்னொரு தடவை வெளிய போனாருன்னா ஹோம்ல சேத்துடலாம்மா, உன்னால முடியாதுன்னு. அவன் மேல தப்பில்ல. அவனுக்கும் பயம். ஆனா அங்க சேத்தா யாரு அவரை உக்கார வச்சு வாட்ச் கட்டிவிடுவா? சொல்லுங்க.

ஒளிச்சு வச்சுப் பாத்தேனே. வெறுங்கையில வேற மாதிரி ஆயிடுறாரு. மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டு வீடு பூரா தேடுறாரு, கட்டிலுக்கு அடியில, அரிசி டப்பாக்குள்ள. பாக்க முடியல. எனக்கு அழுகை வந்துடுது.

நானே கோடு போட்டும் பாத்தேன். ஆமா, அது நான் போட்டதுதான். ஊக்கால. வழுக்கிடுச்சு. எலி கடிச்ச மாதிரி இருக்குன்னு எனக்கே தெரியுது. அவரு அதைத் தடவிப் பாத்துட்டு, அடப்பாவமே, யாரோ அடுத்தவங்க பொருளை நாசம் பண்ணியிருக்காங்க, கேட்டா நம்மளைத்தான் சொல்லுவாங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு.

தெரியும் தம்பி, போன உலோகம் போனதுதான். அது வராது. நான் அதே கோட்டைக் கேக்கல, அது மாதிரி ஒண்ணு. அவரு நகத்துக்குத் தெரிஞ்சாப் போதும். உங்க முதலாளி ஏதாவது கேட்டா என்னைக் கைகாட்டி விடுங்க, நான் பேசிக்கிறேன். நான் பேச ஆரம்பிச்சா அவரே உங்களை வேலையைப் பாருன்னுடுவாரு.

போட்டோ இருக்கு, இந்தாங்க. காப்பி கப்பு புடிச்சிருக்காரு பாருங்க, அந்தக் கையில. பெருசு பண்ணினா மங்கலாத்தான் தெரியும். அதனால என்ன, எனக்கு மனப்பாடம். பேஸ்ட்டு வச்சுத் தேய்ச்ச கை இது. குடுங்க, காட்டுறேன். இந்த வார் சேர்ற எடத்துல இருக்கே, இங்க ஆரம்பிக்கும், மயிரிழை மாதிரி. சாஞ்சுக்கிட்டே வரும். நடுவுல ஆழம், இங்கதான் நகம் உக்காரும். முடியிற எடத்துல ரெண்டா பிரியும், ஒண்ணு சின்னது. அந்தச் சின்னதை விட்டுடாதீங்க, அங்க வந்துதான் விரல் நிக்கும்.

அந்தச் சின்ன அரத்தாலயா போடுவீங்க? சரி, உங்களுக்குத் தெரியாததா. முதல்ல ஏதாவது தகட்டுல போட்டுக் காட்டுங்க, நான் நகத்தை வச்சுப் பாத்துச் சொல்றேன். ம்ம். இல்ல, இது ரொம்ப நேரா இருக்கு. அது கை மாட்டி வெடுக்குன்னு இழுத்த கோடு தம்பி, கொஞ்சம் நெளியும். இன்னொண்ணு போடுங்க. ஆங். ஆங், இதுதான். இது மாதிரிதான்.

வாட்ச்சுல போடும்போது நான் பாக்கல, அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. புது வாட்ச்சுல கோடு விழுற சத்தம்.

என்ன கேட்டீங்க? இப்போ வீட்டுல யாரு பாத்துக்கிறாங்களா? பையன் அரை நாள் லீவு போட்டிருக்கான். கெளம்பும்போது அவருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், உங்க வாட்ச்சைக் கொண்டு வரப் போறேன்னு. எழுந்து நின்னுட்டாரு. ரொம்ப சந்தோஷம்ங்கன்னாரு. அப்புறம் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போய், மெதுவா சொல்றாரு, அம்மா, உங்களைப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது, ஒரு உதவி பண்ணுங்க, என் வீட்டுக்காரி ஒருத்தி இருக்கா, சத்தமாப் பேசுவா, வாட்ச்சு தொலைஞ்சதுலேருந்து அவளையும் காணோம், திட்டுவேன்னு பயந்துக்கிட்டு எங்கேயோ இருக்கா போலிருக்கு, வழியில பாத்தீங்கன்னா வாட்ச்சு கெடைச்சுடுச்சு, வீட்டுக்கு வரச் சொல்லுங்கன்னாரு.

சரிங்க, பாத்தா சொல்றேன்னுட்டு வந்திருக்கேன். நீங்க போடுங்க தம்பி, இன்னும் கொஞ்சம் ஆழமா.