புழுக்களுக்கும் குளிரும்

முதலில் இந்த வெந்நீரைக் குடியுங்கள் ஐயா. கொஞ்சம் உப்புப் போட்டிருக்கிறேன், ஆறுவதற்குள் குடித்தால்தான் தொண்டைக்கு இதம். தலைமை நடுவர் என்றால் விசில் ஊத வேண்டியவர். தொண்டையை அலட்சியமாக விடக் கூடாது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாளே, எல்லோரும் தக்கை என்று கூப்பிடும் பெண், அவள் என் மகள். தூண்டில் தக்கை மாதிரியே ஒல்லி, காற்றடித்தால்கூட ஆடுவாள், அதனால் அந்தப் பெயர். அவள்தான் குற்றவாளி என்று தீர்மானித்து, இனி எந்தப் போட்டியிலும் தூண்டில் போடக் கூடாது என்று தடை விதிக்கப் போகிறீர்களாம். வேண்டாம் ஐயா. அவளுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. தூண்டில் புழுப் பெட்டிகளை வைத்திருந்த அடையாளம் கிடைத்தது சலவை அறையில். சலவை அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. பதினேழு வயதாகிறது, இதுவரை ஒரு காலுறை துவைத்ததில்லை. எல்லாம் நான் செய்தது. ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே, புரியும்.

போட்டிக்கு வராதே என்றுதான் அவள் முதலில் சொன்னாள். "அம்மா, போன தடவை நீ கரையில நின்னு இழுடி இழுடின்னு கத்துனதுல மீனெல்லாம் அக்கரைக்குப் போயிருச்சு. நான்தான் கடைசி. இந்தத் தடவை நீ வரவே கூடாது, கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள். பார்க்க வரக் கூடாது என்றாளே தவிர, சமைக்க வரக் கூடாது என்று சொல்லவில்லை. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தங்கும் இந்த விடுதிக்குச் சமையல் ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் தட்டை நீட்டியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பேச்சு வரவில்லை. சந்தோஷத்தில் சில பேருக்கு அப்படித்தான் வாய் அடைத்துப் போகும்.

இனி புழு விஷயம். பாலை எடுக்கலாம் என்று பெரிய ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுக்கப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர். மூடியைத் தூக்கினால் வெள்ளை வெளேரென்று புழு. தூண்டிலில் கோப்பதற்காம். குளிரில் வைத்தால்தான் அசையாமல், வளராமல் அப்படியே இருக்குமாம். நான் எத்தனையோ பேருக்குச் சமைத்தவள், அருவருப்பெல்லாம் பார்க்கிறவள் இல்லை. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அவை நடுங்குவதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வாயில்லாத ஜீவன்கள். நமக்குக் குளிர்ந்தால் போர்வை கேட்போம், அவை யாரிடம் கேட்கும்?

பிள்ளைகள் பயிற்சிக்கு ஏரிக்குப் போன நேரமாகப் பார்த்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சலவை அறைக்குக் கொண்டுபோனேன். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் இதமாக இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெட்டி மட்டுமில்லை, நம் அணிப் பிள்ளைகளின் பெட்டிகளையும் சேர்த்தேதான் எடுத்தேன். எனக்கு நாட்டுப் பேதம் கிடையாது. ஏரிக்குக் கிளம்பும் நேரத்துக்குள் எல்லாம் மறுபடி ஃப்ரிட்ஜுக்கு வந்துவிடும். வந்த நாள் முதல் இப்படியே செய்தேன்.

முதல் சுற்று அன்று நானும் ஏரிப் பக்கம் போனேன். கத்தவில்லை, ஒரு மரத்துக்குப் பின்னால்தான் நின்றேன். பிள்ளைகள் அவரவர் எண் போட்ட இடத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்கள். கதகதப்பில் புழுவெல்லாம் சுருங்கிப் பழுப்பு நிறக் கூடாக மாறியிருந்தது. போச்சு, குடியே மூழ்கிவிட்டது என்று கதறுவார்கள் என எதிர்பார்த்தேன். இல்லை, அவர்களுக்காக வருத்தப்பட்டேன். அவர்களோ ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பெரிய மீன்களுக்கு அந்தக் கூடு என்றால் உயிராம். பக்குவமாகக் கூடு கட்ட வைப்பது பெரிய வித்தையாம். எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு ஏரியிலிருந்த பெருமீன்கள் அத்தனையும் வரிசையில் நின்று தூண்டிலைக் கடித்தன. என் மகளுக்கு மட்டும் விரல் நீளக் குஞ்சுகள். எடை போடும்போது அவளுடைய வலையைத் தராசில் மாட்டினார்கள், முள் அசையவே இல்லை. தராசைத் தட்டிப் பார்த்தது நீங்கள்தான், நினைவிருக்கும்.

வெளிநாட்டு அணியின் பயிற்சியாளர் ஒருவர் சமையலறைக்கே வந்துவிட்டார். "இந்தப் புழுவ இவ்வளவு பக்குவமா வச்சது யாருன்னு கேக்கறார், அவங்க கைக்குத் தங்கக் காப்பு போடணுமாம்" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. சாப்பாட்டு மேசையில் என் மகள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "ஒரு வாய் சாப்பிடு கண்ணு" என்றேன். "அம்மா, தோத்தா தோத்துட்டுப் போறேன். நீ மட்டும் ஒண்ணும் செய்யாம இரு" என்றாள். பெற்ற வயிறு பற்றி எரிந்தது. புழுக்களை நினைத்துத்தான். பாதி வழியில், கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. தொடங்கின தர்மத்தை நடுவில் விடலாமா?

மறுநாள் மழை, போட்டிக்கு ஓய்வு. விடுதியில் இருந்த வெந்நீர்ப் பைகளை எல்லாம் நிரப்பிப் பெட்டிகளுக்கு அடியில் வைத்தேன். ஆற ஆற மாற்றினேன். மேலே கம்பளியும் போர்த்தினேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. காதை வைத்துக் கேட்டால் உள்ளே ரீங்காரம். அந்த நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை நடந்தது உங்களுக்கே தெரியும். எல்லோரும் மூடியைத் திறந்தார்கள், கிளம்பிய ஈக்களில் ஏரிக்கரையே கறுத்துவிட்டது. ஒரு நடுவர் தண்ணீரில் குதித்தார். கொடி வணக்கத்துக்கு வாசித்தவர்கள் வாத்தியத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். போட்டியை நிறுத்த நீங்கள் விசிலை வாயில் வைத்து மூச்சை இழுத்தீர்கள், அப்போதுதான் அந்த ஈ உள்ளே போனது. அதற்காக உண்மையிலேயே வருந்துகிறேன். அந்த ஈயை முட்டையில் பார்த்தவள் இல்லையென்றாலும், புழுவிலிருந்து வளர்த்தவள் நான். இன்னொரு வாய் வெந்நீர் குடியுங்கள்.

அந்த அமளியிலும் ஒருத்தி மட்டும் இடத்தை விட்டு எழவில்லை. பெட்டியைத் திறந்து, வெள்ளைப் புழுவை நிதானமாகக் கோத்து, தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். மீன்களோ விழுந்த ஈக்களைத் தின்ன மேலே வந்துவிட்டன, அவளுடைய தூண்டில் கிடந்தது அடியில். இன்றைக்குக் குஞ்சுகூட இல்லை. ஒரு மீனும் பிடிக்காதவள் மோசடி செய்தாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் ஐயா.

போட்டியில் அவள் ஜெயிக்க வேண்டும் என்று செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், மறுக்கவில்லை. ஆனால் இது முழுக்க ஜீவகாருண்யம். தடை போடுவதென்றால் எனக்குப் போடுங்கள். அவளை உள்ளே கூப்பிட்டு, போம்மா, போய்த் தூண்டிலை எடு என்று சொல்லுங்கள், போதும்.

இன்னொரு கேள்வியும் கேட்டீர்கள். எல்லாப் பெட்டிகளும் சலவை அறைக்குப் போயிருக்க, ஒரே ஒரு பெட்டி மட்டும் ஏன் ஃப்ரிட்ஜை விட்டு நகரவில்லை, அது ஏன் அவளுடைய பெட்டியாக இருந்தது? நியாயமான கேள்விதான், அதை வைத்துத்தானே அவளைப் பிடித்தீர்கள். முதல் நாளே, பேச்சு வந்ததும், என் காதோடு சொல்லியிருந்தாள்: "அம்மா, என் பெட்டிய மட்டும் தொட்டுடாத."

பெற்ற பிள்ளை ஒன்று சொல்லிவிட்டால் நான் அதை மீறவே மாட்டேன் ஐயா.