பன்னிரண்டு குழித் தட்டு

கப் கேக் தட்டைக் கழுவுவதில் கஷ்டம் குழியில் இல்லை ஐயா, குழியின் விளிம்பில்தான். அங்கேதான் சர்க்கரை கருகி ஓடு மாதிரி பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் ஊறவைத்து, காஸ்டிக் சோடா போட்டு, பிறகு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். அவசரப்பட்டால் வராது.

என் பெயர் சண்முகவள்ளி. பிறந்தது அபிராமம் பக்கம். மண்டபம் ஊரில் பாக்கர் முதலாளியின் பேக்கரியில் பதினோரு வருடமாகத் தட்டுக் கழுவுகிறேன். என் தட்டில் மாவு ஒட்டியது என்று யாரும் சொன்னதில்லை.

போன தையில் தக்சிகா வேலைக்கு வந்தாள். அகதி முகாமில் இருப்பவள். புருஷன் இல்லை, ஆறு வயதில் டிலக்ஷனா என்று ஒரு மகள். கேக் ஊற்றும் வேலை அவளுக்கு. வந்த மாதமே குழிக்குள் காகிதக் கிண்ணம் வைத்து ஊற்றினாள். தட்டில் கறையே படியவில்லை.

"அக்கா, உங்கட கையைப் பாருங்கோ, எப்பிடி வெடிச்சுக் கிடக்கு. இனி நீங்கள் உரஞ்ச வேண்டாம்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

முதலாளிக்கும் சந்தோஷம். "வள்ளிக்கா, இனிமே கடையக் கூட்டுற வேலைய மட்டும் பாத்துக்கங்க. சம்பளம் அதேதான்" என்றார். கூட்டுவதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை காகிதக் கிண்ணம் வந்து சேரவில்லை. பழைய தட்டுகளை எடுத்துக் கழுவித் தரச் சொன்னார்கள். எட்டுத் தட்டு. ஏழு தட்டை எப்போதும் போல அலசினேன். ஒன்றை அலசவில்லை. சோடா குழிகளின் அடியில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதன் மேல் எண்ணெய் தடவி, தக்சிகாவின் கையில் நானே கொடுத்தேன்.

வாங்கித் தின்பவர்களுக்கு ஆபத்து வராது என்று யோசித்துத்தான் செய்தேன். அலசாத தட்டில் கேக் ஒட்டும். எடுக்கும்போது பிய்ந்துபோகும். பிய்ந்ததை விற்க மாட்டார்கள், தக்சிகா எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். நினைத்தபடியே பன்னிரண்டும் பிய்ந்தன.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு டிலக்ஷனா வந்தாள். நான் தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். தக்சிகா ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு, "எரியுது அம்மா" என்றது.

"சூடா இருக்கும். ஊதித் தின் பிள்ளை, வீணாக்கக் கூடாது" என்றாள் தக்சிகா.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தது பிள்ளை. தண்ணீர்கூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். தக்சிகா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எரியுது எண்டு சொன்னவள் அக்கா. நான்தான் தின்னச் சொன்னனான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அழாதே என்று சொல்லி முதுகைத் தடவிக் கொடுத்தேன். மறுநாள் விடியும்போது பிள்ளை போய்விட்டது.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். தட்டுக் கழுவுகிறவளின் கவனக்குறைவு என்று இருந்தது. வெளியே தக்சிகா உங்கள் ஏட்டம்மாவிடம், "அக்கா வேணுமெண்டு செய்யேல்ல, அவவை விடுங்கோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனது அதனால்தான். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அந்தக் கேக் யார் வாய்க்குப் போகும் என்று எனக்குத் தெரியும். தக்சிகாவுக்கு இனிப்பு ஆகாது, ஒரு நாளும் வாயில் வைக்க மாட்டாள். தெரிந்துதான் கொடுத்தேன். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்ற அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. என் வேலையில் அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது.