விருந்தினர் அனைவரும் நலம்

தேவிகுளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் திடீரென்று சொன்னாள்: “நீ பொய் எழுதலடி. அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது.”

இளையவள் பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் செய்திக்குறிப்பு எழுதும் வேலை பார்த்தவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. போன மழையில் அங்கே மண் சரிந்திருக்கிறது.

“‘விருந்தினர் அனைவரும் நலம்’னு நீ போட்டத போன்ல பாத்தேன். எல்லாரும் நல்லாருக்காகன்னு நம்பி, அடுப்புல சோத்த வச்சேன். அங்க வேல பாத்த உங்க மாமா அப்ப ஆஸ்பத்திரில கெடக்காக.”

“வேலையாள் ஒருத்தருக்குப் பலத்த அடின்னும் எழுதியிருந்தேன், அத்தை. மேனேஜர் அந்த வரிய எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டேன். அது மாமான்னு எனக்குத் தெரியாது.”

“வேற யாராவதுன்னா எடுக்கலாமா?”

பெரியவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அந்த ஒரு வரி இருந்திருந்தா ஓடியாந்திருப்பேன். உசுரோட மொகத்தப் பாத்திருப்பேன்.”

“வேலைய விட்டுட்டேன், அத்தை. இன்னிக்குத் தாலுக் ஆபீஸ் விசாரணைல, நடந்தத நடந்தபடி சொல்லிருதேன்.”

“அங்கயும் போயி வேலையாள் ஒருத்தருன்னு சொல்லாத. பேரச் சொல்லு.”

“மாமா பேர நான் சொன்னதே இல்லையே. நீங்க சொல்லுங்க.”

“கட்டுன நாள்ல இருந்து என் வாயில வந்ததில்ல. இப்பவும் வர மாட்டேங்குது. நீதான் சொல்லணும்.”

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “முருகையா” என்று மெதுவாகச் சொன்னாள். பெரியவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.