கறுவலுக்குப் போட்ட சொசேஜ்

கோழிச் சொசேஜ் எனக்குப் பிடிக்காது. மகள் முஸ்பிறா விடாமல் வாங்கித் தருவாள். பல்லில்லாத வாய்க்கு மெத்தென்று இருக்குமாம். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னேரம் அசர் தொழுதபின் கடற்கரைக்குப் போவேன். அங்கே தங்கத்துரையின் மீன்வாடி. கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்குக் கதை சொல்வது என் உத்தியோகம். சம்பளமில்லை, தேத்தண்ணி உண்டு.

"ஒரு திருக்கை என்ட தோணிய நிந்தவூரில இருந்து பொத்துவில் மட்டும் இழுத்துக்கொண்டு போச்சு" என்று தொடங்குவேன். வாடி நாய் கறுவல் எழும்பி நின்று குரைக்கும். உண்மை கதைத்தால் படுத்தே கிடக்குமாம். எனக்கு அந்த அனுபவம் குறைவு.

"கறுவல் ஒத்துக்கொள்ளல்ல, பக்கீர் காக்கா. பொத்துவிலக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க" என்பான் தங்கத்துரை. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

அதனால்தான் சொசேஜ் போட்டேன். வாய் நிறைந்திருந்தால் குரைக்காது. சொசேஜ் பக்கெட்டின் உறையில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நாய்க்கு எதற்கு என்று கேட்காதீர்கள், பழக்கம். கையால் கொடுக்கவுமில்லை, ஈர்க்கில் குத்தி நீட்டினேன். நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும். எனக்கு நாரி வலி, குனிய ஏலாது.

கொஞ்ச நாளில் கறுவல் தின்றதையெல்லாம் சத்தியெடுத்தது. தண்ணீருக்கு அலைந்தது. தங்கத்துரை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினான். திரும்பி வந்து சொன்னான்:

"ஆரோ சொசேஜ் போடுறாங்களாம் காக்கா. அந்த உப்பும் கொழுப்பும் வெங்காயத் தூளும் நாய்க்கு ஆகாதாம். இனியும் திண்டா தப்பாதாம்."

"ஆர் அந்த ஈவிரக்கமில்லாதவன்?" என்று கேட்டேன்.

எழும்ப ஏலாத கறுவல், படுத்தபடியே குரைத்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிரவு முஸ்பிறாவிடம் பெரிய பக்கெட்டாக வாங்கச் சொன்னேன். "வாப்பாக்கு இப்பதான் ருசி பிடிச்சிருக்கு" என்று அவளுக்குச் சந்தோசம்.

கறுவலை வாடிக்குப் பின்னால் புதைத்தார்கள். தங்கத்துரை வலையைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தான். மனம் பொறுக்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: ஈர்க்கு, முத்திரை, பெரிய பக்கெட், எல்லாம்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டான்.

"நாய்க்கு ஹலால் பாத்த கதையா? கறுவல் இருந்திருந்தா இதுக்கு விடிய விடியக் குரைச்சிருக்கும், காக்கா."

நான் மறுத்துக் கதைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. நம்பாதது அவனுடைய பிழை. என் கை சுத்தம்.